தோல்பைக்குள் போன பேய்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே கதைக்குப் போய்விடுகிறேன்.

தலைப்பு, நாட்டுப்புறக் கதை சினிமாவுக்குப் போய் வளர்ந்ததா, தேய்ந்ததா? வளர்ந்தது என்கிறேன். சாட்சிக்கு ஒரே படம்: 2005-இல் அமோல் பாலேகர் எடுத்த இந்திப் படம் 'பஹேலி'. ராஜஸ்தானில் விஜய்தான் தேத்தா எழுதி வைத்த கதை. அதை நமக்குச் சொல்வதே இரண்டு மரப்பொம்மைகள்தான்!

ஒரு வியாபாரி வீட்டுப் பையன். முதல் ராத்திரியில் புதுப்பெண் காத்திருக்கிறாள். அவன் கல்யாணச் செலவுக் கணக்கு எழுதுகிறான். விடிந்ததும் வியாபாரத்துக்குப் புறப்பட்டுவிட்டான். திரும்பி வர ஐந்து வருஷமாம்! கல்யாணம் முடிந்து வரும் வழியில் அந்தப் பெண்ணைப் பார்த்து மயங்கியிருந்த பேய் ஒன்று, அவன் உருவத்திலேயே வீட்டுக்கு வருகிறது. ஊருக்கே பொய் சொன்ன பேய், அவளிடம் மட்டும், நான் உன் புருஷன் இல்லை என்று சொல்லிவிடுகிறது.

அப்புறம் நிஜப் புருஷன் வந்து நிற்கிறான். ஒரே முகத்தில் இரண்டு பேர். பெற்ற அப்பாவுக்கே தெரியவில்லை. நியாயம் கேட்டு ராஜாவிடம் போகிறார்கள். வழியில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர், அமிதாப் பச்சன், மறிக்கிறார். நெருப்புக் கங்கைக் கையில் எடு என்கிறார். சிதறிய ஆடுகளை ஒன்றுசேர் என்கிறார். கடைசியாகத் தண்ணீர் கொண்டுபோகும் தோல்பையை நீட்டுகிறார். எவன் இவளை உண்மையாக நேசிக்கிறானோ, அவன் இதற்குள் போகட்டும்!

மனுஷன் போக முடியுமா? கை நுழையலாம், ஆள் நுழைவானா? பேய்க்குத் தெரியாதா, உள்ளே போனால் மாட்டிக்கொள்வோம் என்று? தெரியும். ஆனால் போகாமல் நின்றால், அவளை நேசிக்கவில்லை என்று ஆகிவிடுமே! போய்விட்டது, ஐயா. பெரியவர் பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டார். நினைத்துப் பாருங்கள். ஓடத் தெரிந்த பேய், மாயம் தெரிந்த பேய், தானாகவே போய் மாட்டிக்கொண்டது!

எதிரணி அண்ணன் கேலி செய்தார்: "மூலக்கதையில் பேய் பையோடு போனது. படத்தில் தப்பி வந்து புருஷன் உடம்பிலேயே குடியேறிவிட்டது. வசூலுக்காகக் கதையின் கழுத்தை நெரித்துவிட்டார்கள்." நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, 1973-இல் மணி கௌல் இதே கதையை 'துவிதா' என்று எடுத்தார். அதில் அந்தப் பெண்ணுக்கு விடிவே இல்லை. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். தேத்தாவே போருந்தா கிராமத்தில் காதால் கேட்ட கதைகளைத் தன் கைப்பக்குவத்தில் எழுதியவர்தானே? வாய்மொழிக் கதைக்கு முடிவை யார் பூட்டி வைத்தார்கள்? அந்தப் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை, அண்ணே. படம் கேட்டது.

எனக்கு ஆறு வயது. கயிற்றுக்கட்டிலில் அம்மாச்சி பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஆட்டுக்குட்டியை ஓநாய் முழுங்கியது என்று கதையை முடித்தார். நான் அழுதேன். இருட்டில் கை நீண்டு வந்தது. வெற்றிலை வாசம். என் கன்னத்தைத் துடைத்துவிட்டு அம்மாச்சி சொன்னார்:

"அழுகாத சாமி. அப்புறம் ஓநாய்க்குத் தும்மல் வந்துச்சு. குட்டி வெளிய குதிச்சு, அவுங்க அம்மாகிட்ட ஓடிருச்சு."