உழக்கும் கிபாபாவும்

(நைரோபியில் சித்திரைப் புத்தாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, சங்கத்தின் செயலாளர், பொருளாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, சாம்பார் வாசனை வரும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம், புத்தாண்டு வாழ்த்துகள்.

சிறப்பு விருந்தினரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் என் வீட்டிலேயே என்னைச் சேர்க்கமாட்டார்கள். 1991ல், மொம்பாசாவுக்குத் தெற்கே, டியானி கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்குக் கணக்கு எழுத வந்து சேர்ந்தேன். எங்கள் வட்டாரத்தில் அப்போது ஆட்டுக்கல் இருந்த ஒரே வீடு இவருடையது. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலைந்து பிரம்மச்சாரிகள் ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது போலப் போய் நிற்போம். அம்மா கேள்வியே கேட்காமல் இலை போட்டுவிடுவார். இன்று ஐயா பெரிய ஹோட்டல்காரர். நான் பேசப்போகும் சில விஷயங்கள் அவருக்குக் கசக்கலாம். அந்த இட்லியை நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'கென்யச் சுற்றுலாத் துறையின் இன்றைய நிலை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பகுதியாகப் பேசலாம் என்று குறிப்பு எழுதி வந்தேன். ஒன்று, எத்தனை பேர் வருகிறார்கள். இரண்டு, கடற்கரை ஏன் இளைத்தது. மூன்று, காட்டு விலங்குகளும் மசாய் மக்களின் நிலமும்.

முதலாவது சுலபம். 2019ல் 20 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 2020ல் கொரோனா. 6 லட்சம்கூட வரவில்லை. 2024ல் சுமார் 24 லட்சம் பேர் வந்தார்கள், வருமானம் ஏறத்தாழ 45,200 கோடி ஷில்லிங். விசாவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மின்னணுப் பயண அனுமதி வந்தது 2024 ஜனவரியில். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதே ஆண்டு ஜூலையிலிருந்து, சீசன் மாதங்களில், ஒரு நாளைக்கு 200 டாலர் ஆயிற்று. 50 லட்சம் பேரை வரவழைப்போம் என்கிறது அரசாங்கம். வரட்டும், நல்லது. கைதட்டுகிறவர்கள் இப்போதே தட்டிவிடுங்கள்.

நான் முப்பது வருஷம் கணக்கு எழுதினவன். பேரேட்டில் வரவைப் பார்த்தால் என் கண் தானாகப் பற்றுப் பக்கம் போகும். எங்கள் அப்பா விவசாயி. அறுப்பு முடிந்து களத்தில் உட்கார்ந்து ஒரு தடவை சொல்வார்: "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது." சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. 45,200 கோடி என்ற எண்ணைப் படித்த அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, கடற்கரைக்கு வருவோம். ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வாடகை விமானம் விமானமாக மொம்பாசாவில் ஆட்கள் வந்து இறங்கிய காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் பயணி அறை, சாப்பாடு, பீர் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவிலேயே பணம் கட்டிவிட்டு வருவார். இங்கே ஒரு மரப்பொம்மையும் கிட்டெங்கே என்கிற பூப்போட்ட பருத்தித் துணியில் ஒரு சட்டையும் வாங்குவார். அப்புறம் 2013ல் நைரோபி வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் தீவிரவாதத் தாக்குதல். 2014 மே மாதம் பிரிட்டன் பயண எச்சரிக்கை விடுத்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். 2015 ஏப்ரலில் காரிஸா பல்கலைக்கழகத்தில் தாக்குதல். ஹோட்டல்கள் வரிசையாகக் கதவை மூடின. 2017ல் புது ரயில் வந்த பிறகு நைரோபிக்காரர்கள் குடும்பத்தோடு மொம்பாசா போகத் தொடங்கியதால் கடற்கரை கொஞ்சம் மூச்சு விட்டது. வெளிநாட்டவரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் உள்நாட்டவரின் அருமையை அப்போதுதான் உணர்ந்தார்கள். இதைப் பற்றி இன்னும் சொல்லலாம். ஆனால் இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இளைஞர்கள் எழுந்துவிடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு செப்டம்பர் மாதம், மதுரையிலிருந்து என் மைத்துனரும் அவருடைய அத்தையும் வந்தார்கள். மாராவுக்குக் கூட்டிப்போனேன். ஓட்டுநர்-வழிகாட்டி ஐம்பத்தைந்து வயதுக்காரர், எல்லோரும் அவரை ம்ஸே, அதாவது பெரியவர், என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறியதுமே அத்தை கேட்டார்: "சிங்கம் எத்தனை மணிக்கு வரும்?" நான் ஸ்வாஹிலியில் சொன்னேன். ம்ஸே சிரிக்கவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எட்டே முக்காலுக்குச் சொல்லியிருக்கிறேன் அம்மா" என்றார். அத்தை திருப்தியாகப் பையிலிருந்து புளியோதரையை எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒன்பது மணிக்குள் சிங்கம் வந்துவிட்டது. "கால் மணி லேட்" என்றார் அத்தை.

மத்தியானம் ஆற்றங்கரை. விலங்குக் கூட்டம் எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. இறங்குவது போல ஓரம் வரைக்கும் வரும், ஒன்று தும்மும், மொத்தமும் திரும்பி ஓடும். மூன்று மணி நேரம் இப்படி. குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு மிச்சப் புளியோதரையைப் பொட்டலத்தோடு கொண்டுபோயிற்று. மரத்தில் உட்கார்ந்து ஒரு மிளகாய் வற்றலைக் கடித்துவிட்டு அது எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்றைக்கும் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் ரேடியோ பேசியது. 'ஷருபு' என்று காதில் விழுந்தது. மீசைக்காரர், அதாவது ஆண் சிங்கம். பயணிகளுக்குப் புரிந்து ஆசை வந்துவிடக்கூடாதே என்று ஓட்டுநர்கள் வைத்துக்கொள்ளும் செல்லப் பெயர். போய்ப் பார்த்தால் பாதையிலிருந்து நூறு அடி தள்ளிப் புதருக்குள் வால் மட்டும் தெரிகிறது. சுற்றிலும் இருபது வண்டிக்குக் குறையாது. ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது விதி. பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பதும் விதி. மைத்துனர் ஆயிரம் ஷில்லிங் நோட்டை எடுத்து முன்னால் நீட்டினார். "கொஞ்சம் உள்ளே விடச் சொல்லுங்கள் அத்தான்."

ம்ஸே நோட்டைப் பார்த்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விருந்தாளி ஆயிற்றே என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி இறங்கியது. அங்கே கரிசல் மண். முந்தின நாள் மழை. முப்பது அடி போவதற்குள் பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, எங்கள் பக்கமாக வந்து வண்டி நிழலிலேயே படுத்துக்கொண்டது. இறங்கித் தள்ளவும் முடியாது. அத்தை கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு தடவை முழுதாகச் சொல்லி முடித்தார், சிங்கம் தூங்கிவிட்டது. கடைசியில் ரேஞ்சர் வந்தார், இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்தது, அபராதச் சீட்டும் எழுதப்பட்டது.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், நானும் அன்றைக்கு ராத்திரி வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ம்ஸே டார்ச் வெளிச்சத்தில், ஒரு பழைய ஸ்பூனால் சக்கர இடுக்கிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அபராதத்தைக் கம்பெனிதானே கட்டும் என்று கேட்டேன். "ஓட்டியது நான்தானே" என்றார். தொகை அவருடைய இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல். மைத்துனர் கொடுத்தது ஆயிரம். அப்பாவின் உழக்குப் பழமொழியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "எங்களிடமும் ஒன்று உண்டு: ஹபா நா ஹபா, ஹுஜாஸா கிபாபா" என்றார். சிறுகச் சிறுகக் கிபாபா நிறையும். கிபாபா என்பதும் தானியம் அளக்கிற ஒரு பாத்திரம்தான், நம் உழக்கு மாதிரி. "ஏப்ரல் வந்தால் கிபாபாவைக் கவிழ்த்து வைத்துவிடுவோம்" என்றார்.

அந்த ஏப்ரலில் அவரைப் பார்த்தேன். இதே நைரோபியில், இன்று போலவே மழை. ஒரு கடை ஓரத்தில் யாரோ ஒருவருடைய போடாபோடா என்கிற வாடகை பைக்கில் சவாரிக்குக் காத்திருந்தார். மழைக்காலம், பயணிகள் குறைவு, சம்பளம் கிடையாது, ஜூன் கடைசியில் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். பறவைகளின் பெயரை லத்தீனில் சொல்லத் தெரிந்த மனுஷன்.

இதில் என் பங்கும் உண்டு. 2007ஆம் வருஷத் தொழிலாளர் சட்டத்தின் 37ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தினக்கூலி ஆள் தொடர்ந்து ஒரு மாத அளவுக்கு வேலை செய்துவிட்டால் அவரை மாதச் சம்பளக்காரராகக் கருத வேண்டும். அதனால் என்ன செய்வோம்? மாதம் முடிவதற்கு முன்னால் நாலு நாள் நிறுத்திவிட்டு மறுபடி சேர்ப்போம். நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் அந்த 'நிறுத்தப் பட்டியலை' மாதாமாதம் தயாரித்தது இந்தக் கைதான். சிவப்பு மையில் டிக் போடுவேன். துப்புரவாளர், தோட்டக்காரர், ஓட்டுநர். அழகான கையெழுத்து என்று முதலாளி பாராட்டினார்.

இந்த நாடு 1975லேயே சுற்றுலா, ஹோட்டல் தொழிலுக்கென்று உட்டாலி கல்லூரியைத் திறந்து ஆட்களுக்கு முறையாகத் தொழில் கற்றுக்கொடுத்தது. கற்றவர்களை ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்புகிறோம். பயணி ஆயிரம் ஷில்லிங் நீட்டியதும் சக்கரம் ஏன் பாதையை விட்டு இறங்குகிறது என்று மாநாடு போட்டு ஆராய வேண்டியதில்லை. மூன்று மாதச் சம்பளம் இல்லாதவன் நோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.

மூன்றாவது பகுதிக்குத் தலைவர் மணியடித்துவிட்டார். 1977ல் வேட்டையைத் தடைசெய்தது, 1989ல் அதிபர் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தது, மாராவைச் சுற்றி மாடு மேய்க்கும் மசாய் குடும்பங்கள் வனவிலங்குகளுக்காக நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்கும் காப்பு நிலங்கள், எல்லாம் குறிப்பில் இருக்கிறது. மாட்டுக்காரருக்கே மாதாமாதம் பணம் போகிறது, ஓட்டுநருக்குப் போகக்கூடாதா என்று கேட்டுவிட்டு அதை மூடிவைக்கிறேன்.

இந்த மண்டபத்தில் சஃபாரி கம்பெனி நடத்துகிறவர்கள் ஏழு பேரை என்னால் எண்ண முடிகிறது. ஹோட்டல்காரர்கள் நாலு பேர், சிறப்பு விருந்தினரையும் சேர்த்து. உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். ஏப்ரல், மே, நவம்பர் மூன்று மாதமும் ஓட்டுநர்-வழிகாட்டிகளுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுங்கள். பயணியின் வற்புறுத்தலால் விதி மீறி அபராதம் வந்தால் அதைப் பயணியின் பில்லில் போடுங்கள், ஓட்டுநர் தலையில் போடாதீர்கள். இரண்டாவதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் என் மைத்துனர் மாதிரி ஆட்கள் நோட்டைப் பையிலிருந்தே எடுக்கமாட்டார்கள்.

கையெழுத்துத் தாள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும் இடத்தில், இலை வாங்கும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். ஐயாதான் முதல் கையெழுத்துப் போட வேண்டும், அம்மாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறேன். போன தடவை நாலு பேனா போயிற்று, கையெழுத்து மூன்றுதான் விழுந்தது.