ரீல்ஸ் பார்த்து டிஜே புக் பண்ணாதீர்கள்! முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்

[திரையில்: சுழலும் வண்ண விளக்குகள், யாருமே இல்லாத டான்ஸ் ஃப்ளோர்]

இந்தக் காட்சியை எந்த டிஜேவும் தன் இன்ஸ்டாகிராமில் போட மாட்டார். விளக்கு சுற்றுகிறது, பாட்டு அதிர்கிறது, தளத்தில் ஈ காக்கை இல்லை. விருந்தினர்கள் ஓரமாக உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். ரிசப்ஷன்களில் வாசிக்கும் டிஜே யாராக இருந்தாலும் என்றாவது ஒருநாள் இந்த நிலைமையில் மாட்டியிருப்பார். அப்போது அவர் என்ன செய்தார் என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

வணக்கம் மக்களே! ரிசப்ஷனுக்கு டிஜே தேடுகிறவர்கள் வழக்கமாக மூன்று விஷயம் கேட்பார்கள். எவ்வளவு ஆகும், எத்தனை ஸ்பீக்கர், என்னென்ன லைட்? கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த மூன்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவரே பதில் சொல்லிவிடுவார். டிஜேவிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது: "தளம் காலியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?"

கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "என் நிகழ்ச்சியில் அப்படி ஆனதே இல்லை" என்று சொல்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஒன்று அனுபவம் போதாது, இல்லையென்றால் கதை விடுகிறார். "சவுண்டைக் கொஞ்சம் ஏத்திவிடுவேன்" என்று ஒருவர் சொன்னால், கிளம்புவது மட்டும் போதாது, ஓடியே விடுங்கள்!

உருப்படியான பதில் எப்படி இருக்கும்? "முதலில் யார் எழுந்து போனார்கள் என்று பார்ப்பேன்" என்று ஆரம்பிப்பார். இளைஞர்கள் களைத்துப் போனார்களா, பெரியவர்களுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லையா, இல்லை பக்கத்து அறையில் சாப்பாடு திறந்துவிட்டார்களா? சாப்பாடுதான் காரணம் என்றால் எந்த மந்திரவாதியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல டிஜே ஒலியைக் குறைத்து மெல்லிசைக்குப் போய்விடுவார். தன் சரக்கையெல்லாம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் செலவழிக்க மாட்டார். மற்ற நேரத்தில், எல்லோருக்கும் வரி தெரிந்த ஒரு பழைய பாட்டுக்குத் தாவுவார். அதுவும் ஆரம்ப இசையைப் போடாமல் நேராகப் பல்லவிக்கே போவார்.

[திரையில்: பழைய இசைத்தட்டு சுழல்கிறது]

வரலாறு பாடம் 30 விநாடி, பொறுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் தங்கை நடத்திய பார்ட்டிக்கு அண்ணன் பாட்டுப் போட்டார். அவர்தான் டிஜே கூல் ஹெர்க். பாட்டில் குரலெல்லாம் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஓட்டி, அந்த இடத்தை நீட்டினார். ஹிப் ஹாப் பிறந்தது அங்கேதான் என்பார்கள். ஆடுகிறவர் காலைப் பார்த்துக் கை வேலை செய்யும் தொழில் இது, அவ்வளவுதான்.

சரி, ரீல்ஸுக்கு வருவோம். 15 விநாடி ரீலில் எல்லோருமே சூப்பர் ஸ்டார்தான். இரவு முழுக்க எடுத்ததில் கூட்டம் துள்ளிய ஒரு நொடியை வெட்டி, மேலே ஸ்டுடியோ ஆடியோவை ஒட்டிவிட்டால் முடிந்தது. நீங்கள் கேட்க வேண்டியது, எதையும் வெட்டாத 20 நிமிட வீடியோ. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களைப் பாருங்கள். மாறும்போது கூட்டம் குழம்பி நிற்கிறதா, தெரியாமலேயே ஆட்டம் தொடர்கிறதா? தாளத்தைப் பொருத்தும் வேலையை இப்போது மென்பொருளே ஒரு பொத்தானில் செய்துவிடும், அதனால் அது பெரிய வித்தை இல்லை. அடுத்து எந்தப் பாட்டு என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானை நம்பினால்தான் வம்பு.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சவுண்ட்! தலைப்பு டிஜே பற்றியதுதானே என்று தள்ளிவிடாதீர்கள். ரிசப்ஷன் முடிந்து வரும் புகார்களில் பெரிய புகார் "பேசவே முடியல, காது கிழிஞ்சது" என்பதுதான்.

[திரையில்: 7 மீட்டர் கோடு, அதன் அருகில் 7 சென்டிமீட்டர் கோடு]

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் பேஸ் (அடித்தொனி) ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். 5,000 ஹெர்ட்ஸ், அதாவது பாடகரின் 'ஸ', 'ச' எல்லாம் தெளிவாகக் கேட்கும் பகுதி, அதன் அலை 7 சென்டிமீட்டர்தான். 7 மீட்டர் அலைக்கு மனிதர்கள், மேசை, நாற்காலி எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சுற்றிக்கொண்டு போய்விடும். 7 சென்டிமீட்டர் அலையோ முன்னால் நிற்பவர் தோளில் பட்டே அடங்கிவிடும். சுவரும் உச்ச ஒலிகளைத் தடுக்கும் அளவுக்குப் பேஸைத் தடுக்காது. அதனால்தான் மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்கு 'டம் டம்' மட்டும் கேட்கிறது, பாட்டு கேட்பதில்லை!

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாலையில் காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்வார்கள். அருமையாக இருக்கும். நீங்களும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு உடை மாற்றப் போவீர்கள். அப்புறம் 300 பேர் வந்து உட்காருவார்கள். மனித உடலும் துணியும் நடு ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் உறிஞ்சிக்கொள்ளும், பேஸை அவ்வளவாகத் தொடாது. மாலையில் கணீரென்று இருந்த சவுண்ட் இரவில் வெறும் கும்மென்று ஆகிவிடும். விவரம் தெரிந்த டிஜே கூட்டம் நிரம்பியதும் மேடையை விட்டு இறங்கி, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் ஒரு நடை நடந்து கேட்டுவிட்டு வந்து பேஸைக் குறைப்பார். விவரம் தெரியாதவர் மொத்த வால்யூமையும் ஏற்றுவார். முன்வரிசைக்காரர் பாவம்.

எவ்வளவு பாவம் என்று பார்ப்போமா? அமெரிக்காவின் நையோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வேலையிடங்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்! மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ஸ்பீக்கர் பக்கத்து மேசையில் தாத்தா பாட்டியை உட்கார வைத்திருக்கும் உறவினர்களே, இந்தக் கணக்கை ஒருமுறை ரீவைண்ட் செய்து பாருங்கள்.

திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் முன்னால் இரண்டே இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கடைசி வரிசைக்கும் சேர்த்து அலறவிடுவதை விட, நடுவில் இன்னும் இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்து எல்லாவற்றையும் மிதமாக ஓட்டுவது மேல். இதில் இன்னொரு சுவையான விஷயம். முன் ஸ்பீக்கரின் ஒலி 17 மீட்டர் கடந்துவர ஏறக்குறைய 50 மில்லி விநாடி ஆகும். அதனால் அங்கே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அதே அளவு தாமதித்து ஒலிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை காதில் விழும். "பின்னாடி ஸ்பீக்கருக்கு டிலே வைப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். டிஜே முகத்தில் ஒரு மரியாதை தெரியும். எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே அடிக்கடி கல்யாணத்துக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. இதுவரை தெரியாது என்றால் லைக்கைத் தட்டிவிடுங்கள்.

அடுத்து பாட்டுப் பட்டியல். சின்னக் கணக்கு. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஒரு பாட்டு 4 நிமிடம் என்று முழுதாகப் போட்டால் 45 பாட்டு. நீங்கள் 120 பாட்டு எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு டிஜே தேவையில்லை, ஒரு பென் டிரைவ் போதும். கட்டாயம் வேண்டும் என்று 10, 15 பாட்டு கொடுங்கள். அதை விட முக்கியம், போடவே கூடாத பட்டியல். பழைய காதலை ஞாபகப்படுத்தும் பாட்டு, இரட்டை அர்த்த வரி உள்ள பாட்டு, மாமாவுக்குக் கோபம் வரவைக்கும் பாட்டு, எல்லாம் அதில் வரட்டும். விருந்தினர் வந்து கேட்டாலும் அந்தப் பட்டியல் மாறாது என்று சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் மேடையேறி "நம்ம பாட்டு ஒண்ணு போடுங்க பாஸ்" என்கிற நண்பர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

எல்லாப் பாட்டும் அவர் கணினியிலேயே இருக்க வேண்டும். மண்டபத்தின் வைஃபையை நம்பி ஆன்லைனில் ஓட்டுகிறவர் என்றால், மணமக்கள் நுழையும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்றும்.

மைக். இரவு முழுக்க "கைத்தட்டல் பத்தல! சத்தம் வரல!" என்று கத்துகிற ஆளா? எனக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்குமென்றால் தாராளமாக. ஆனால் மணமக்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் அவர் முன்கூட்டியே கேட்டு, உச்சரித்துப் பார்த்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். வாழ்த்துரை சொல்ல வருகிறவர் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் 'கீ...ய்ங்' என்று ஊளையிடும். மைக்கில் போன ஒலி ஸ்பீக்கரில் வந்து, திரும்ப மைக்குக்கே போய்ச் சுற்றுவதுதான் காரணம். எங்கே நிற்கலாம் என்று டிஜேதான் காட்ட வேண்டும்.

லைட்டைப் பற்றி இரண்டே எச்சரிக்கை. லேசர் கதிர் நேராக கேமரா லென்ஸில் விழுந்தால் உள்ளே இருக்கும் சென்சார் நிரந்தரமாகப் பாழாகலாம், அதனால் டிஜேவையும் வீடியோக்காரரையும் முன்பே பேசவிடுங்கள். புகை இயந்திரம் சில மண்டபங்களில் தீ அலாரத்தைக் கிளப்பிவிடும். மண்டபத்தில் அனுமதி கேட்டு வையுங்கள், அங்கே ஒலி வரம்போ முடிக்கும் நேரமோ இருக்கிறதா என்றும் சேர்த்தே கேளுங்கள்.

"லேப்டாப் நின்றுவிட்டால்?" இதையும் கேளுங்கள். இரண்டாவது கருவி தயாராக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "நிற்காது சார்" என்பது பதில் அல்ல.

கடைசியாக ஒப்பந்தம். சலிப்பான பகுதி, ஆனால் சண்டை வருவது இங்கேதான். பெரிய நிறுவனங்களில் பேசுகிறவர் ஒருவர், வருகிறவர் வேறொருவர். நீங்கள் பார்த்துப் பிடித்த ஆளின் பெயரே எழுத்தில் இருக்கட்டும், அவருக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வருவார் என்பதும் இருக்கட்டும். எத்தனை மணிக்கு வந்து கருவிகளை அமைப்பார், கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, தேதி மாறினால் முன்பணம் திரும்ப வருமா? இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். கூடுதல் நேரக் கட்டணத்தை மட்டும் கட்டாயம் முன்பே முடித்துவிடுங்கள். ஆட்டம் சூடுபிடித்த பிறகு "இன்னும் அரை மணி நேரம்" என்று கேட்டால் அவர் சொல்வதுதான் விலை.

உங்கள் வீட்டு ரிசப்ஷனில் தளம் காலியான நேரத்தில் டிஜே எந்தப் பாட்டைப் போட்டு எல்லோரையும் எழுப்பினார்? பாட்டின் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள், அதிகம் பேர் சொல்லும் பாட்டுகளை வைத்து அடுத்த வீடியோவில் ஒரு பட்டியல் போடுகிறேன். சப்ஸ்கிரைப் செய்ய மறந்தவர்கள் இப்போதே செய்துவிடுங்கள்!