சிவப்பை எந்தச் சாம்பலாக்குவது?

அவையோருக்கு என் வணக்கம்.

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்தவன், நிறத்தாலேயே உலகெங்கும் அறியப்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொண்டது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பிரிட்டனின் சிற்றூர்களில், வேலியோரத்திலும் தேவாலய வாசலிலும் நிற்கும் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டைத்தான் சொல்கிறேன்.

அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், 1924-இல் நடந்த போட்டிக்குத் தாம் அனுப்பிய முதல் கூண்டுக்கு வெள்ளி வண்ணம் பூச வேண்டும் என்றே விரும்பினார். சிவப்பு அஞ்சல் துறையின் முடிவு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-இல் அவர் வரைந்த சிறிய வடிவமான கே6, ஏறத்தாழ 60,000 கூண்டுகளாக நாடெங்கும் பரவியது. கிராமங்களுக்கு அது போனபோது, பச்சைச் சரிவுகளுக்கு நடுவே இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், இயற்கை எழில் மிக்க சில இடங்களில் சாம்பல் வண்ணம் பூசி, சன்னல் சட்டங்களை மட்டும் சிவப்பாக விட்டார்கள். இந்த வரலாற்றை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் நிலக்காட்சிக்குள் இந்தச் சிவப்பு எவ்வளவு உரக்க ஒலிக்கலாம் என்று அன்று எழுந்த கேள்விதான், கறுப்பு வெள்ளைப் பிலிமோடு அங்கே போகிறவரையும் எதிர்கொள்கிறது.

பிலிமுக்குச் சிவப்பு என்றும் பச்சை என்றும் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். எல்லா நிறங்களின் ஒளியையும் உணரும் இன்றைய பாங்க்ரோமாட்டிக் பிலிமில், லென்ஸின் முன் மாட்டும் நிறக்கண்ணாடியான வடிகட்டி எதுவும் இல்லாமல் எடுத்தால், கூண்டின் சிவப்பும் பின்னாலுள்ள புல்லின் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழுந்து, கண்ணுக்கு அவ்வளவு எடுப்பாகத் தெரிந்த கூண்டு படத்தில் கரைந்துபோகிறது. சிவப்பு வடிகட்டியைப் போட்டால் கூண்டு வெளுக்கும், புல் கறுக்கும், நீலவானம் இடிமழைக்கு முன் இருப்பதுபோல் இருண்டுவிடும். தொலைவிலுள்ள குன்றுகளின் மீது படியும் நீல மங்கலும் விலகிவிடும். அந்த மங்கல்தான் படத்துக்கு ஆழம் தருவது என்பதால், சிவப்பு வடிகட்டியை நான் அங்கே பெரும்பாலும் தவிர்க்கிறேன். பச்சை வடிகட்டியோ புல்லை ஒளிரவிட்டு, கூண்டைக் கரிய உருவமாக நிறுத்தும். சிவப்பொளியையே உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் இதையே வடிகட்டி இல்லாமல் செய்துவிடும்.

யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற வட இங்கிலாந்துப் பள்ளத்தாக்குப் பகுதியில் நவம்பர் மாதத்து விடியற்காலை ஒன்றில் இதை நான் கண்ணாரக் கண்டேன். காரையில்லாமல் அடுக்கிய சுண்ணாம்புக்கல் சுவர் மூட்டத்துக்குள் ஏறி மறைய, அதன் அடியில் கே6 ஒன்று நின்றது. கே2 என்ற மூத்த கூண்டில், அதாவது 1924-இன் அந்த முதல் வடிவத்தில், சமமான சிறு கண்ணாடிகள். கே6-இலோ நடுக்கண்ணாடி அகலமானது, இரு ஓரங்களிலும் ஒடுங்கிய கண்ணாடிகள், இப்படி எட்டு வரிசைகள். ஒவ்வொன்றின் கீழ்விளிம்பிலும் பனிநீர் வரிசையாகக் கோத்திருந்தது. தேக்குக் கதவின் மூலையில் சிலந்திவலை, அதன் இழைகளிலும் நீர்மணிகள். ஒளிமானி காட்டியபடியே எடுத்திருந்தால் வெண்மூட்டம் அழுக்குச் சாம்பலாகியிருக்கும். ஆகவே ஒளியை ஒன்றரை ஸ்டாப், அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு வரும்படி, கூட்டிக் கொடுத்தேன், பச்சை வடிகட்டியும் போட்டேன். இருட்டறையில் அந்தப் படம் தட்டில் மெல்ல எழுந்தபோது, முதலில் தெரிந்தவை அந்த எட்டு வரிசைகளும் குவிந்த கூரையும்தான். ஸ்காட்டின் கோடுகளை நிறம் இத்தனை நாளும் மறைத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் கூண்டுகள் இன்று பெரும்பாலும் பேசுவதில்லை. 2008 முதல் ஊர் மன்றங்கள் 1 பவுண்டுக்கு அவற்றைத் தத்தெடுத்து, சிறு நூலகமாகவும் இதயத்துடிப்பை மீட்கும் கருவி வைக்கும் இடமாகவும் மாற்றியிருக்கின்றன. இளைய நண்பர்கள் சிலர் அந்தப் புத்தக அடுக்குகள் சட்டகத்துக்குள் வராதபடி ஒதுங்கி நின்று எடுக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. மூட்டத்துக்குள் நிற்கும் கரிய கூண்டின் கண்ணாடிக்குப் பின்னே மங்கித் தெரியும் புத்தக முதுகுகளை விட்டுவிடாதீர்கள். அவற்றில் எழுத்துகள் படிக்கும்படி விழ வேண்டுமானால், பிரிண்ட் போடும்போது அந்தக் கண்ணாடிக்கு மட்டும் சில நொடிகள் கையால் நிழல் கொடுங்கள்.