மூட்டை எந்த உயரத்திலிருந்து ஏறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வெளியே நின்று பேசுகிறேன். லாரிகளின் ஹாரன் சத்தத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுமை தூக்குகிறவர்களின் முதுகைக் கெடாமல் காப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பின்னால் நிற்கும் லாரியைப் பாருங்கள். மேலே இருப்பவர் வெங்காய மூட்டையை விளிம்புக்கு நகர்த்திக் கொடுக்க, கீழே இருக்கும் லோடுமேன் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி வாங்கிக்கொள்கிறார். மூட்டை தோளுக்கு நேராகவே வந்துவிடுவதால் அவருக்குக் குனிய வேண்டிய வேலையே இல்லை. அதே மூட்டை கடைக்குள் தரையில் கிடந்து, அதைக் குனிந்து, கையை நீட்டி, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், அடிமுதுகில் விழும் அழுத்தம் மூட்டையின் எடையைப் போலப் பல மடங்காகிவிடும். அந்த நிலையில் இடுப்பையும் திருப்பினால் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்குவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த கணக்கின்படி, உயரமும் பிடிமானமும் எல்லாம் சாதகமாக இருந்தால்கூடத் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். நம் சிமெண்ட் மூட்டையோ 50 கிலோ.

"முழங்காலை மடக்கித் தூக்குங்கள்" என்று வகுப்பெடுப்பதோடு முதலாளிகள் நிறுத்திக்கொள்வதை நான் ஏற்பதில்லை. பயிற்சி மட்டுமே முதுகுவலியைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இடுப்பு பெல்ட்டின் கதையும் அதுவேதான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது, யார்தான் நிதானமாகக் காலை மடக்கி எழுவார்கள்?

நம் சீமையில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது: துணைக்கு ஆளில்லாமல், குனியாமல், தலைச்சுமையை இறக்கி மறுபடி ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. கடைக்காரர்கள் மூட்டைகளைத் தரையில் போடாமல் இடுப்பளவு மேடை கட்டி அடுக்கினால், பாதி ஆபத்து அங்கேயே தீரும். மேடையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு தள்ளுவண்டி போதும். நடைபாதையில் நசுங்கிக் கிடக்கும் முட்டைக்கோஸ் இலைகளை அவ்வப்போது கூட்டித் தள்ளுங்கள். தலையில் பாரத்தோடு வருபவருக்குக் காலடி தெரியாது.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனால் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல், அந்த நேரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.