நஞ்சேறிய நிலத்தைத் துப்புரவாக்கும் பணம் எங்கிருந்து வரவேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது இயந்திரங்கள் விலைபோகின்றன, தொழிலாளர்களின் கணக்கு முடிக்கப்படுகிறது, சில ஆண்டுகளில் நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. மண்ணில் இறங்கிய குரோமியமும் பாதரசமும் மட்டும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றை அகற்றும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியோடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடிவரும் அமெரிக்காவின் அனுபவத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், பாதியில் கைவிடப்பட்ட லவ் கால்வாயில் ஹூக்கர் என்ற இரசாயன நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 20,000 டன் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. பிறகு அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் ஒப்படைத்தது. அங்கே பள்ளி எழுந்தது, சுற்றிலும் குடியிருப்புகள் பெருகின. வீடுகளின் நிலவறைகளில் இரசாயனம் கசிந்து, 1978இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற நேர்ந்த பிறகே நாடு விழித்தது. 1980 டிசம்பரில் 'சூப்பர்ஃபண்ட்' என்று பரவலாக அறியப்படும் சட்டம் பிறந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும். அவர் கிடைக்காவிட்டாலோ நொடித்துப் போயிருந்தாலோ, கச்சா எண்ணெய் மீதும் குறிப்பிட்ட இரசாயனங்கள் மீதும் விதிக்கும் தனி வரியிலிருந்து திரளும் நிதி அந்த வேலையைச் செய்யும் என்பது அதன் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் நியாயம் என்னை இன்றும் ஈர்க்கிறது. தவறிழைத்த ஒரு நிறுவனம் மறைந்துபோனாலும், அந்தத் தொழில்துறை மறைவதில்லை அல்லவா? ஆனால் 1995 இறுதியில் அந்த வரி காலாவதியானபோது அமெரிக்க நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. சேர்ந்திருந்த தொகை கரைந்து, 2003 முடிவதற்குள் நிதி ஏறக்குறைய வெறுமையானது. பிறகு ஆண்டுதோறும் பொது வரவுசெலவுத் திட்டத்தில் கிடைத்ததைக்கொண்டே வேலை நடந்தது. பணிகள் நிறைவேறும் வேகம் தளர்ந்தது. இரசாயனங்கள் மீதான வரியை 2021இலும் எண்ணெய் மீதான வரியை 2022இலும் சட்டமியற்றி மீட்டார்கள். நிதி வறண்டபின், பொறுப்பாளி கிடைக்காத இடங்களின் சுமையைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் சாதாரண வரிசெலுத்துவோரே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொறுப்பு அவ்வளவு கடுமையாக இருந்ததால், பழைய ஆலை நிலத்தை வாங்கினால் அதன் நஞ்சுக்கும் தாமே பொறுப்பாக நேரும் என்று வாங்குவோரும் கடன்தரும் வங்கிகளும் அஞ்சினார்கள். நகரின் நடுவில் நிலங்கள் பூட்டிக்கிடக்க, புதிய ஆலைகள் விளைநிலங்களைத் தேடிப் போயின. இதை மாற்றியது பெருந்தொகை அன்று. மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, என்ன நஞ்சு, எவ்வளவு ஆழத்தில் என்று கண்டறிவதற்கு உள்ளாட்சிகளுக்குத் தரப்பட்ட சிறு மானியங்களே பல இடங்களில் பூட்டைத் திறந்தன. அளவு தெரிந்த ஆபத்துக்குத்தான் மதிப்பீடு போட முடியும். 2002இல் வந்த சட்டம், விசாரித்து நேர்மையாக வாங்குவோருக்குப் பாதுகாப்பளித்தது. அதோடு, அரசுப் பணத்தால் நிலத்தின் விலை கூடினால், அந்தக் கூடுதல் மதிப்பின் மீது அரசு உரிமை கோரவும் வழிவகுத்தது. மக்கள் பணத்தில் துப்புரவான நிலத்தின் ஆதாயம் முழுவதும் ஒரு மனைவணிகரின் பைக்குள் போவதை நான் ஏற்கமாட்டேன்.

நம் ராணிப்பேட்டையில் குரோமேட் இரசாயன ஆலையொன்று 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட டன் குரோமியக் கழிவு திறந்தவெளியில் குவிந்துகிடந்தது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைவது, புற்றுநோய் விளைவிப்பது. மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அதை நச்சு மிகக் குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றி நிலைப்படுத்தும் வேதிமுறைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவையே. அறிவியல் இருந்தும் பணம் தாமதமாகும்போது, கிணற்று நீரை நம்பியிருப்பவர்களே விலைகொடுக்கிறார்கள்.

மாசடைந்த தலங்களைக் கையாள்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது வரவேற்கத்தக்கது. பொறுப்பாளி கிடைக்காத இடங்களின் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்கவேண்டியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் என் கவலை. நிலக்கரி மீது 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய சுற்றுச்சூழல் தீர்வை, பின்னர் 400 ரூபாயாக உயர்ந்தும், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் தீர்வையாக உருமாறி, சுற்றுச்சூழலுக்கு உரியதாக இல்லாமல் போனது. ஆகவே, நச்சு இரசாயனங்களை உற்பத்தி செய்வோரிடமே ஒரு தனித் தீர்வை திரட்டப்படவேண்டும், அதை வேறு செலவுக்குத் திருப்பமுடியாதபடி சட்டம் காக்கவேண்டும், அதன் முதல் பங்கு மண், நீர்ச் சோதனைக்குச் சென்று, முடிவுகள் அந்தந்த ஊராட்சி அலுவலகத்திலேயே தமிழில் ஒட்டப்படவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.