கணினி வகுப்பும் காணாமல் போன கடைசி வரியும்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வணிகவியல் பிரிவில் சேரும் பிள்ளைக்கு, வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடுகள் என்னும் பாடமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பிள்ளை விரும்பிக் கேட்டதா, வீட்டில் கணினி இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து வருவதில்லை. அந்தப் பிரிவை எடுத்தால் அதையும் படித்தே ஆக வேண்டும். 12ஆம் வகுப்புப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே, எழுத்தும் படமும் ஒலியும் சேர்ந்த பல்லூடகமும், அதை அடுத்துப் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளும் இருக்கின்றன. சென்ற மாதம் குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, என்னை அறிந்த ஒரு தாயார், "கணக்கு எழுதப் போற பொண்ணுக்கு நோட்டீஸ் அடிக்கிற வேலை எதுக்குங்க?" என்று கேட்டார். மழை தூறிக்கொண்டிருந்ததால் இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை, வானொலி நிலையத்தார் தந்திருக்கும் இந்தக் கால்மணி நேரத்தில், அவருக்கும் அந்த வகுப்பில் புதிதாக உட்காரப் போகும் மாணவ மாணவியருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் குன்னூரில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோத்து, அச்சடித்து முடிந்ததும் அவற்றை மீண்டும் அறை அறையாகப் பிரித்துப் போட்டவர். அவர் கையால் செய்த வேலையை நான் கணினியில் முப்பது ஆண்டுகள் செய்தேன். இப்போது வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளியின் கணினி அறையில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். நான் பேசப் போவது எல்லாம் அந்த அச்சு வேலையிலும் இந்தக் கணினி அறையிலும் கண்டவைதாம்.

முதல் சில வாரங்களில் அழகான எதையும் செய்யப் போவதில்லை என்பதை மாணவர்கள் எதிர்பார்த்தே வர வேண்டும். பூப்போட்ட எழுத்து, வண்ணப் படம், நிழல் விழும் தலைப்பு ஆகியவற்றை எண்ணி வரும் பிள்ளைக்கு, பக்கத்தின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, நான்கு புறமும் ஓரம் எவ்வளவு என்ற கேள்விகள் சலிப்பூட்டும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297 மில்லிமீட்டர். நேயர்கள் வீட்டில் அத்தகைய தாள் இருந்தால் குறுக்கே இரண்டாக மடித்துப் பாருங்கள். அளவு பாதியாகும், ஆனால் உருவம் மாறாது. மீண்டும் மடித்தாலும் அதே உருவம்தான். இதைக் கையால் மடித்துப் பார்த்த பிள்ளைக்கு, ஒரு தாளில் நான்கு நோட்டீஸ் எப்படி அடங்குகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பக்கத்தை முதலில் பென்சிலால் காகிதத்தில் போடுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸைப் பிடித்திருக்க, மற்றவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாக இருந்தது. இப்போது மவுஸ் இல்லாதவர் கையில் பென்சில் இருக்கிறது. அவர் போட்ட பக்கத்தை இவர் திரையில் கொண்டுவர வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். இதில் பென்சில் பிடித்தவரே அதிகம் கற்கிறார் என்பது என் அனுபவம். ஏனெனில் எது பெரியது, எது சிறியது, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவரே.

அடுத்து எழுத்தின் அளவு. ஓர் அங்குலத்தை 72 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு புள்ளி. 12 புள்ளி எழுத்து என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு உயரத்துக்குள் அடங்குவது. அளவு ஏன் முக்கியம் என்பதற்கு நம் மண்ணின் அச்சு வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பாடத்தைக் கடக்க முடிவதில்லை. 1713ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை; காகிதமோ கிடைப்பதற்கு அரியது. அந்த எழுத்துகளில் அச்சிட்டால் புத்தகத்துக்குக் காகிதம் போதாது என்று கண்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும் அவருடன் இருந்தவர்களும் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் காகிதம் மிஞ்சும், அளவு கடந்து சிறிதாக்கினால் படிப்பவர் கண் நோகும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் முன்னிருந்த அதே கணக்குத்தான், இன்று 12 என்ற எண்ணை 11 ஆக்கலாமா என்று மவுஸைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் மாணவியின் முன்னும் இருக்கிறது.

வரிகளுக்கு இடையே விடும் இடத்துக்கு மென்பொருளில் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் அதை 'லீடிங்' என்று படிக்கிறார்கள். அதை 'லெடிங்' என்று சொல்ல வேண்டும். 'லெட்' என்றால் ஈயம். என் தந்தையார் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத் தகட்டைச் செருகுவார். அந்தத் தகட்டின் பெயரே இன்று கணினியில் நிற்கிறது. பேஜ்மேக்கர் தானாகவே ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை எழுத்தின் அளவில் 120 விழுக்காட்டை வைக்கும், அதாவது 12 புள்ளி எழுத்துக்கு 14.4 புள்ளி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேலே இகர, ஈகாரக் குறி ஏறுகிறது, கீழே உகர, ஊகாரக் குறி இறங்குகிறது. மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'றீ' மேல் இடிக்கிறது. நான் 12 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளிக்குக் குறைவாக வைப்பதில்லை, முதியவர்கள் படிக்க வேண்டியதென்றால் 18 வைப்பேன். ஈயத் தகட்டைக் கையில் தொட்டிராத பிள்ளைக்கும் இது விளங்க வேண்டும் என்பதற்காக, தந்தையார் விட்டுச்சென்ற நான்கு தகடுகளை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம். பல ஆண்டுகளுக்கு முன்பு, சிறு தேயிலை விவசாயிகள் சிலர் பச்சைத் தேயிலை விலை பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டினார்கள். 1,000 நோட்டீஸ் வேண்டும் என்றார்கள். நானே தட்டச்சு செய்து, நானே பக்கம் அமைத்தேன். தலைப்பு நன்றாக அமைந்தது, கோரிக்கைகள் வரிசையாக வந்தன. அச்சடித்து, வெட்டி, கட்டுக் கட்டாகக் கொடுத்தும் விட்டேன். மறுநாள் காலையில் கோத்தகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பனியில் நனைந்த நோட்டீஸ் ஒன்றைக் கையில் பிடித்தபடி கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க வரணும், எத்தனை மணிக்கு வரணும்னு போடலையே?" என்றார்.

இடமும் நேரமும் கடைசி வரியில் இருந்தன. நான் தட்டச்சு செய்திருந்தேன்; கணினியில் அந்த வரி இருக்கவும் செய்தது. ஆனால் பக்கத்தில் இல்லை. பேஜ்மேக்கரில் உரையை ஒரு தொகுதியாக வைக்கும்போது, அதன் கீழ் விளிம்பின் நடுவே ஒரு சிறு கைப்பிடி தெரியும். உரை முழுவதும் பக்கத்தில் இறங்கிவிட்டால் அது வெறுமையாக இருக்கும். இன்னும் உரை மிச்சம் இருந்தால் அதற்குள் கீழ்நோக்கிய சிவப்பு முக்கோணம் தோன்றும். மிளகளவுகூட இல்லாத அந்தச் சிவப்பை நான் பார்க்கவில்லை. அன்று இரவு முழுவதும் நானும் வீட்டாரும் அமர்ந்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்து, கிடைத்த நோட்டீஸ்களில் எல்லாம் இடத்தையும் நேரத்தையும் குத்தினோம். ஏற்கெனவே ஊர்களுக்குப் போய்விட்டவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது தந்தையார் சொன்னதை நான் ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பில் சொல்கிறேன். "ஈயத்துல கோத்தா, பக்கத்துல அடங்காத வரி கையிலேயே மிச்சம் நிக்கும். கனக்கும். இதுல மிச்சம் எங்க நிக்குதுன்னே தெரியலையேப்பா" என்றார். கணினி மிச்சத்தை மறைத்து வைக்கிறது. அதனால்தான் திரையில் பார்த்தால் போதாது, ஒரு பிரதி எடுத்து, கையெழுத்துப் படியோடு வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பிட வேண்டும், அதையும் தட்டச்சு செய்யாத இன்னொருவர் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மார்க்கெட்டில் கேட்ட தாயாருக்கு இதுவே என் பதில், அம்மா. பேரேட்டில் ஒரு பக்கத்துத் தொகையை விட்டுவிட்டால், பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு காட்டிக்கொடுக்கும். அச்சான நோட்டீஸில் விட்டுப்போன வரியைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. உங்கள் மகளின் கண்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண் கணக்கு எழுதவும் உதவும்.

யார் படிக்கப் போகிறார், எங்கே நின்று படிக்கப் போகிறார்? இந்தக் கேள்வியை வகுப்பில் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் கேட்கிறேன். மலை ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையை நினைத்துப் பாருங்கள். ரன்னிமேட்டிலும் வெலிங்டனிலும் கேத்தியிலும் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. பனிமூட்டம் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாத காலையிலும் அந்தப் பெயர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளிர்நீலத்தில் வெள்ளை எழுத்து வைக்கும் மாணவரிடம் நான் வேறெதுவும் சொல்வதில்லை, அந்தப் பலகையை மட்டும் நினைவூட்டுகிறேன். குன்னூர் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டப்போகும் அறிவிப்பை, குடையைப் பிடித்துக்கொண்டு, வண்டி புறப்படுமுன் படிப்பவருக்காகவே அமைக்க வேண்டும். தேநீர்க் கடை மேசையில் கிடக்கும் நோட்டீஸுக்கு வேறு அளவு, வேறு நிதானம்.

"இது பழைய மென்பொருள்தானே?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. உண்மைதான். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கரை, 1994இல் அந்நிறுவனத்தை வாங்கிய அடோபி தொடர்ந்து நடத்தியது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. ஆயினும் ஓரம், பத்தி, வரி இடைவெளி, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அமைப்பைத் தாங்கும் முதன்மைப் பக்கம் ஆகியவை பின்னால் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள்களிலும் இருக்கின்றன. வீட்டில் பழக விரும்புவோர் ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப் ஆகியவற்றைக் காசின்றி இறக்கிக்கொள்ளலாம்.

பழைமையால் வரும் ஒரு தொல்லையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கைப்பேசியில் தமிழில் அடித்ததை அப்படியே எடுத்துப் பேஜ்மேக்கரில் ஒட்டுவார்கள். பக்கம் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். கைப்பேசி எழுத்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறையைச் சேர்ந்தது, பேஜ்மேக்கருக்கு அந்த முறை தெரியாது. அதில் பயன்படும் பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொதித்து வைத்தவை. அதனால்தான் அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால், திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கின்றன. கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவும் அதற்குள் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பென் டிரைவில் போடுங்கள். தட்டச்சைப் பொறுத்தவரை, 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது நல்லது. உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து பெரும்பாலும் வலக்கையில் என்பதால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் நெருங்கிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். மதிப்பெண், நம்மூர் ஈரம், வண்ணம் என்று மூன்று செய்திகளை எழுதி வந்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அறிவிப்பு, அட்டைப் பக்கம், முகவரி அட்டை, லேபிள் போன்றவற்றைக் கையால் செய்து பழகியவருக்குச் செய்முறையில் பயமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூரில் தாள் ஈரம் குடித்து விளிம்பு நெளியும், வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் விலகும். விளிம்பை ஒட்டி மெல்லிய கட்டம் போட்டால் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் தெரியும், ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள். அதே மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும், பத்தி முடியும்போதெல்லாம் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமியுங்கள். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான் என்னும் பசுநீலம், மெஜந்தா என்னும் செவ்வூதா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் காட்டுகிறது. ஆகவே திரையில் தேயிலைத் துளிர் போல ஒளிரும் பச்சை, தாளில் முற்றின இலை போல மங்கி வரும். வண்ணத்தை முடிவு செய்யுமுன் ஒரே ஒரு தாள் அச்சிட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.