யாரும் படிக்காத தொண்ணூறு பக்கம்

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மைக் இரண்டு முறை நின்றுபோனதால் அன்று விட்டுப்போனதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட செயலாளர் தம்பி அவர்களே, பந்தல், நாற்காலி, மைக் மூன்றையும் வாடகை வாங்காமல் தந்திருக்கும் வணிகர் சங்கப் பொருளாளர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, அவரோடு வந்திருக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

போன வருஷம் இதே மேடையில் பால் சங்கத் தலைவர் பெயரை விட்டுவிட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பால் சங்கத் தலைவர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இப்போது எனக்குப் போர்த்திய சால்வைக்கும் நன்றி. வீட்டில் ஏற்கெனவே முப்பத்தொரு சால்வை இருக்கிறது. நம் ஊரில் குளிர் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த முறை ஒரு புத்தகமாகக் கொடுங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு 'ஒரு அதிபரும் ஒரு போரும்'. அதிபர், அமெரிக்காவை அப்போது ஆண்ட ஜார்ஜ் டபிள்யூ. புஷ். போர், 2003 மார்ச்சில் தொடங்கிய இராக் போர். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்தப் போருக்கான காரணம் எப்படித் தயாரானது. இரண்டு, அதற்கு ஓட்டு எப்படி விழுந்தது. மூன்று, எண்ணெய்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை இப்போது எதற்கு என்று முன் வரிசையில் ஒருவர் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. ஐயா, அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. நாம்தான் பக்தாத் எரிந்ததை இட்லி சாப்பிட்டுக்கொண்டே டிவியில் பார்த்தவர்கள். பார்த்தவன் சொல்லத்தான் வேண்டும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு புஷ்ஷுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதரவு என்று காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு சொன்னது. 2008 கடைசியில் அதே கணிப்பில் அது இருபத்தைந்துக்கு இறங்கியது. அந்த டிசம்பரில் பக்தாத் போனார். பத்திரிகையாளர் கூட்டத்தில் முந்ததர் அல்-ஜைதி என்ற நிருபர் எழுந்து ஒரு காலணியை வீசினார். தப்பியது. இரண்டாவதையும் வீசினார். அதுவும் தப்பியது. அதிபர் குனிந்த வேகத்தைப் பற்றி எனக்கு எந்த விமர்சனமும் இல்லை.

என் பாட்டி அடிக்கடி சொல்வாள்: 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' உங்களுக்கும் தெரிந்ததுதான். இன்றைக்கு இதை நான் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். இராக் அதிபர் சதாம் உசேனிடம் ரசாயன, கிருமி ஆயுதங்கள் இருக்கின்றன, அணுகுண்டுக்கும் முயற்சி நடக்கிறது என்றது புஷ் அரசு. 2003 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் கிருமி ஆயுதத்துக்கு மாதிரியாக ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். லாரியில் வைத்து ஓட்டிக்கொண்டு போகிற கிருமித் தொழிற்சாலைகள் இருக்கின்றன, நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது என்றார். அந்த சாட்சி யார்? ஜெர்மனியில் தஞ்சம் கேட்டுப் போயிருந்த ஓர் இராக்கியர். உளவுத் துறை அவருக்கு வைத்த பெயர் 'கர்வ்பால்'. இந்த ஆள் சொல்வதை நம்ப முடியாது என்று ஜெர்மன்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். போருக்கு முன் அமெரிக்க உளவுத் துறை அவரை உட்கார வைத்து நேரில் விசாரிக்கவும் இல்லை. எல்லாம் நான் கட்டிவிட்ட கதைதான் என்று 2011இல் அவரே சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இது எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்த கதை.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஒரு நாள் காலையில் பெரியப்பா தோட்டத்துக்குப் போகிறார், கிணற்று மேட்டில் மோட்டாரைக் காணோம். ஐந்து எச்.பி. மோட்டார். பக்கத்துத் தோட்டக்காரரோடு அவருக்கு வரப்புத் தகராறு பல வருஷமாக உண்டு. ஆகவே எடுத்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாட்சிதான் வேண்டும். டீக்கடையில் ஒருவர் கிடைத்தார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். பெரியப்பா ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர், "ராத்திரி ஏதோ வண்டிச் சத்தம் கேட்டுச்சுங்க" என்றார். இரண்டு போண்டா வந்தது. "வண்டியில ஏதோ இருந்துச்சுங்க" என்றார். இன்னொரு டீ. "மோட்டார்தாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டிக்கிட்டுப் போனாருங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று முடித்துவிட்டார்.

ஐந்து எச்.பி. மோட்டாரை ஒற்றை ஆள் சைக்கிள் கேரியரில் வைத்து ஓட்ட முடியுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு போண்டா வந்திருந்தது.

எட்டுப் பேர் கடப்பாரையோடு போனார்கள். அந்த மனிதர் வீட்டில் இல்லை. கதவை உடைத்தார்கள். நெல் பத்தாயத்தை உடைத்துப் பார்த்தார்கள். வைக்கோல் போரைக் கலைத்தார்கள். கோழிக்கூண்டு திறந்து கோழிகள் தெருவெல்லாம் ஓடின. அதில் இரண்டைக் கடைசி வரைக்கும் காணோம். மோட்டாரையும் காணோம். "எங்கேயோ பலமா ஒளிச்சு வச்சிருக்கான், கிடைக்காததே அதுக்கு அத்தாட்சி" என்றார் பெரியப்பா.

வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தால், பெரியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "மோட்டார் புகையுதுன்னு நேத்தே காயில் கட்ட அனுப்பியாச்சு. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. வந்ததும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இதற்குப் பிறகு பெரியப்பா சொன்னதைத்தான் கவனிக்க வேண்டும். தலையைக் கூடக் குனியவில்லை. "மோட்டார் கிடக்குது. அவன் எப்படியும் மோசமானவன்தானே. அவன் கதவை என்னைக்காவது உடைச்சுத்தான் ஆகணும்" என்றார்.

சதாம் மோசமானவர்தானே என்று புஷ் தரப்பு சொன்னபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தார். மோசமானவர்தான், யார் மறுத்தார்கள்? 1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்களை விஷவாயு வீசிக் கொன்ற ஆட்சி அது. ஆனால் கடப்பாரையோடு போனது மோட்டாரைத் தேடி. 2004இல் அமெரிக்கர்களே அனுப்பிய ஆய்வுக் குழு, ஆயுதக் கிடங்கு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பவல் அந்த ஐ.நா. பேச்சைத் தன் வாழ்நாள் கறை என்று பின்னால் ஒப்புக்கொண்டார். கதவுக்கு யார் பணம் கொடுப்பது? அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர் போனார்கள். இராக் மக்களில் பதிவாகிக் கணக்கில் வந்த உயிர்களே ஒரு லட்சத்துக்கும் மேல். 2003 மே 1ஆம் தேதி விமானந்தாங்கிக் கப்பலில் 'பணி முடிந்தது' என்று பேனர் கட்டி அதன் கீழே நின்று பேசினாரே புஷ், அன்றைக்கு வரைக்கும் இறந்த அமெரிக்க வீரர்கள் 150 பேருக்கும் குறைவு. மற்ற வீரர்கள் எல்லோரும் பேனர் கட்டிய பிறகு இறந்தவர்கள்.

நம் நாடாளுமன்றமும் அந்த ஏப்ரலில் கண்டனத் தீர்மானம் போட்டது. கண்டனமா, வருத்தமா, எந்தச் சொல்லைப் போடுவது என்று இழுபறி. கடைசியில் இந்தியில் 'நிந்தா', அதாவது கண்டனம், என்று போட்டார்கள். சொல்லுக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் இருப்பது நல்லதுதான்.

இரண்டாவது விஷயம், ஓட்டு. மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2002 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க உளவுத் துறைகள் சேர்ந்து இராக் ஆயுதங்கள் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தன. சுமார் தொண்ணூறு பக்கம். ரகசிய ஆவணம் என்பதால் செனட்டர்கள், அதாவது அமெரிக்க மேல்சபை உறுப்பினர்கள், காவல் போட்ட ஓர் அறைக்குப் போய் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். சதாம் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டு வேலைக்குச் சரிப்படாது என்று எரிசக்தித் துறை நிபுணர்கள் சொன்னது அதற்குள் இருந்தது. வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஒத்துக்கொள்ளாததும் அதிலேயே இருந்தது. எதிர்க்கருத்துகளின் விவரம் உள் பக்கங்களில். முன்னால் ஐந்து பக்கச் சுருக்கம்.

அந்த ஐந்து பக்கத்தைத் தாண்டிப் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று பின்னால் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எழுதியது. நூறு பேர் சபையில் ஆறு பேர்! படித்தவர்களில் ஒருவர் புளோரிடாவின் பாப் கிரகாம், உளவுக் குழுவின் தலைவர். படித்தார், எதிர்த்து ஓட்டுப் போட்டார். போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு ஆதரவு 77, எதிர்ப்பு 23. கீழ்சபையில் 296க்கு 133. அறிக்கை நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தது. தீர விசாரிப்பதே மெய் என்று சொல்ல அங்கே ஒரு பாட்டி இல்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1964 ஆகஸ்டில் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பலை இரண்டாம் முறை தாக்கினார்கள் என்று சொல்லி அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன் வியட்நாமில் படையை இறக்க அதிகாரம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. 1968 மார்ச் 31ஆம் தேதி ஜான்சன் டிவியில் வந்து, மறுபடி போட்டியிடவில்லை என்றார். வியட்நாமைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பேரூராட்சித் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இது உங்களுக்காகத்தான்.

2003 ஏப்ரல் 9ஆம் தேதி பக்தாத் விழுந்தது. எண்ணெய் அமைச்சக வாசலில் அமெரிக்க டாங்கிகள் காவல் நின்றன. அருங்காட்சியகம் கொள்ளை போனது. தேசிய நூலகம் கொள்ளை போய், எரிந்தது. துருக்கியரின் ஆட்டோமான் ஆட்சிக் காலத்து ஆவணங்கள் சாம்பல். பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் இந்தக் கொள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது, இதெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்றார். ஒரே ஆள் ஒரே ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள், அந்த நாட்டில் அத்தனை ஜாடியா இருக்கிறது என்று நையாண்டியும் செய்தார். 1258இல் மங்கோலியப் படை வந்தபோது டைகிரிஸ் ஆறு மை கலந்து கறுத்து ஓடியது என்று சொல்வார்கள். இந்த முறை சாம்பல் காற்றில் போனது. 1981இல் யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட 97,000 புத்தகம் எரிந்ததை மறக்காத நமக்கு அந்தப் புகை வாசனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று. புஷ்ஷின் மனைவி லாரா அம்மையார் யார் தெரியுமா? நூலகர். நூலகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவர். 2003 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் கவிஞர்கள் கூட்டம் ஒன்று ஏற்பாடு செய்தார். கவிஞர்கள் போரை எதிர்த்துப் பாடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தள்ளிவைத்துவிட்டார். நூலகர் வீட்டிலேயே வாசிப்புக்குப் பூட்டு!

ஆனால் அந்த நாட்டின் மற்ற நூலகர்கள் சும்மா இருக்கவில்லை. யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்ற பதிவைக் கேட்டு வாங்க, செப்டம்பர் 11க்குப் பிறகு வந்த புதுச் சட்டம் அரசாங்கத்துக்கு வழி வைத்தது. 2005இல் கனெக்டிகட் மாநிலத்தில் நான்கு நூலகர்கள், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் விவரத்தைத் தர முடியாது என்று வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டதையே வெளியில் சொல்லக் கூடாது என்று தடை. அடுத்த வருஷம் தடை நீங்கியது. செனட்டர்கள் திறக்காத பக்கத்தை நினைத்துக்கொண்டு இந்த நான்கு பேரையும் நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் கேட்கிறேன், நம் கிளை நூலகத்துக்கு ஏன் மாலை ஐந்து மணிக்குப் பூட்டு? பெண்கள் பள்ளி விடுவது நாலரைக்கு. பிள்ளை நடந்து வர பதினைந்து நிமிஷம். பையை வைத்து, கையெழுத்துப் போட்டு, பேப்பரைப் பிரிப்பதற்குள் நூலகர் சாவியை ஆட்டுகிறார். அவர் மேல் தப்பு இல்லை, ஒற்றை ஆள். தினசரிகள் வைக்கும் சாய்வு மேசைக்கு ஒரு கால் கிடையாது, மூன்று செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. மழை பெய்தால் வரலாற்றுப் பிரிவு அலமாரிக்கு மேல் தார்ப்பாய். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். 1948இல் வந்த சட்டப்படி கட்டி வருகிறோம். கேட்கிற உரிமை இருக்கிறது. காதால் கேட்பது பொய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, தீர விசாரிக்கிற இடத்தை ஐந்து மணிக்குப் பூட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? கைபேசிக்குத்தான். அங்கே டீ, போண்டா கூடக் கேட்காமலே சாட்சி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயமான எண்ணெய்க்கு நேரம் இல்லை. செயலாளர் தம்பி இரண்டாவது துண்டுச் சீட்டை அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் மனு இருக்கிறது. நூலகம் இரவு எட்டு மணி வரை, கூடுதலாக ஓர் ஆள், கூரைக்கு ஓடு, மேசைக்கு ஒரு கால். மொத்தம் இரண்டு பக்கம். பேரூராட்சித் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார், அவருக்கு நன்றி. யாரும் அவசரப்பட வேண்டாம். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் போடுங்கள். பேனா என்னுடையது, திருப்பி வைத்துவிடுங்கள்.